தட்டைப் பிரித்தாயிற்று, ஜன்னல் இன்னும் மூடியே இருக்கிறது

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரோ தோட்டத்தின் பெயரோ வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறார். இரண்டையும் நீக்கி, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அவர்களுக்கு இரண்டு காம்பிராக்கள் (அறைகள்), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி (சமையலறை). மாமனார், மாமியார், கணவர், தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் நாத்தனார், கடிதம் எழுதியவர், அவருடைய மூன்று வயது மகன், எட்டு மாதக் கைக்குழந்தை என ஏழு பேர். காலமெல்லாம் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற மாமனாருக்கு ஆடி மாதத்தில் இருமல் தொடங்கியது. மழையில் நனைந்த சளி என்று நினைத்துப் பாமசியில் பாணி மருந்து வாங்கியிருக்கிறார்கள். பிறகு தனியார் வைத்தியரிடம் இரண்டு தடவை அன்டிபயோட்டிக். ஒவ்வொரு தடவையும் சில நாட்கள் தணிந்து, மறுபடியும் இருமல். ஐப்பசியில் சளியோடு இரத்தம் வரவே ஆதார வைத்தியசாலைக்குப் போனார்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. அவருக்கு நீரிழிவும் உண்டு. குளிசை (மாத்திரை) தொடங்கி ஒரு வாரமாகிறது.

போன வருடம் அதே லயத்தில் பலருக்குச் செங்கமாரி (மஞ்சள் காமாலை) வந்தது. அப்போது சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்ன பாடத்தை இந்த வீட்டார் மறக்கவில்லை. மாமனாருக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை, தனிக் கரண்டி. எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவுகிறார்கள். மாமியார் அவரை இஸ்தோப்பில் உட்காரவைத்துத்தான் சோறு போடுகிறார். அவருடைய துணியைப் பொதுப் பீலியில் (ஊற்று நீர் வந்து விழும் இடத்தில்) அலசக் கூடாது என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மாமனாரின் அண்ணன் இளவயதில் இதே நோயால் இறந்தவராம். அதனால் இது குடும்பத்து நோய், நாத்தனாருக்கும் வரும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. கம்பளியையும் மெத்தையையும் எரித்துவிட வேண்டுமா? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பொகவந்தலாவையில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விடலாமா? தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? கணவர் சொல்வதுபோல் யாருக்கும் தெரியாமல் கொழும்பில் வைத்தியம் பார்க்கலாமா? கடைசியாக, மாமனாரே கேட்கச் சொன்ன ஒன்று: மகளை மணவறையில் தாரைவார்த்துக் கொடுக்க அவரால் முடியுமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், குளிரைப் பற்றிச் சொல்லும்போது, “மகன் தாத்தாவின் கம்பளிக்குள் புகுந்தால்தான் தூங்குவான்” என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டு, கோப்பை, கரண்டி பற்றி ஒன்றரைப் பக்கம். இதைப் பற்றி ஒரே வரி. உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து அந்த ஒரே வரியில்தான் இருக்கிறது. இன்றிரவிலிருந்து மகன் உங்களோடு படுக்கட்டும். அழுவான். ஓரிரு வாரத்தில் பழகிக்கொள்வான்.

நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மிகுந்த கவனத்தோடுதான் இருந்திருக்கிறீர்கள். ஆனால் செங்கமாரிக்குப் போட வேண்டிய காவலைக் காசநோய்க்குப் போட்டுவிட்டீர்கள்.

கிருமி எந்த வழியாக வருகிறது?

தொற்றுநோய் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதால், எல்லாம் ஒரே வழியாகத்தான் தொற்றும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கிருமிக்கும் உடலிலிருந்து வெளியேற ஒரு வாசல், அடுத்தவரைச் சென்றடைய ஒரு வழி, உள்ளே நுழைய இன்னொரு வாசல் என்று உண்டு. அந்த வழியை அடைத்தால் நோய் நிற்கும். வேறு எதை அடைத்தாலும் நமக்கு அலுப்புதான் மிச்சம்.

போன வருடம் உங்கள் லயத்தில் வந்தது, நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் செங்கமாரி. அந்த வைரஸ் நோயாளியின் மலத்தில் வெளியேறுகிறது. மேட்டிலுள்ள மலசலகூடக் குழியிலிருந்து கசிந்து பீலிக்கு வரும் ஊற்றில் கலக்கிறது, அல்லது சரியாகக் கழுவாத கையோடு ரொட்டிக்கு மாவு பிசையும்போது உணவில் சேருகிறது. கடைசியில் இன்னொருவரின் வாய்க்குள் போகிறது. கண் மஞ்சளாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பிருந்தே நோயாளி வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடுவார். ஒருவருக்கு மஞ்சள் தெரியும்போது லயத்தில் பாதிப் பேருக்கு அது போய்ச் சேர்ந்திருப்பது அதனால்தான். வைரஸ் உள்ளே போனதற்கும் நோய் தெரிவதற்கும் இடையில் சாதாரணமாக நான்கு வாரம் ஆகும். “நேற்றுச் சாப்பிட்ட கடைச் சோறுதான்” என்று பழிபோடுவதும் பெரும்பாலும் தவறாகவே முடியும். அந்த நோய்க்குத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் சரியான காவல். மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே, போதுமா என்று சிலர் கேட்பதுண்டு. நுவரெலியாவின் உயரத்தில் அது சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். நன்றாகக் கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் அந்த வைரஸ் அழிய அதுவே போதும்.

அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் காசநோயை அது தடுக்காது.

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. சுவாசப்பையில் நோய் உள்ளவர் இருமும்போதும், தும்மும்போதும், உரத்துப் பேசும்போதும் மிக நுண்ணிய துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். அவற்றால் பெரிய தொல்லை இல்லை. நுண்ணியவை ஈரம் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்காக மிதந்துகொண்டிருக்கும். குசினியில் ஈரவிறகு மூட்டினால் ஜன்னலைத் திறக்கும்வரை புகை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்குமல்லவா, அதைப் போலத்தான். அந்தக் காற்றை நீண்ட நேரம், பல நாட்கள் சுவாசிப்பவருடைய சுவாசப்பையின் ஆழத்துக்கு அந்தத் துகள்கள் போகின்றன. நோய் தொற்றுவது அப்படித்தான். அவர் குடித்த கோப்பையில் நீங்கள் தேத்தண்ணீர் குடிப்பதாலோ, கையைப் பிடிப்பதாலோ, அவருடைய சட்டையைப் பீலியில் துவைப்பதாலோ தொற்றுவதில்லை. பஸ்ஸில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து வந்ததால் தொற்றும் சாத்தியமும் மிகக் குறைவு. மாதக்கணக்கில் ஒரே மூடிய காம்பிராவில் படுத்தெழும்புவதுதான் அபாயம்.

இப்போது மாமியார் சொல்லும் “நனைந்த சளி”க்கு வருகிறேன். குளிரும் மழையும் இந்தக் கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் குளிருக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குளிர் ஜன்னலைச் சாத்தவைக்கிறது, கதவிடுக்கில் சாக்கைச் சொருகவைக்கிறது, எல்லோரையும் ஒரே காம்பிராவில் நெருங்கிப் படுக்கவைக்கிறது. மஸ்கெலியாவின் ஆடி ஆவணி மழையில் வேறு என்னதான் செய்வது? 10 அடிக்கு 12 அடி காம்பிராவில் ஒற்றைச் சிறு ஜன்னல் வைத்து லயங்களைக் கட்டியவர்கள், உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுவார்கள் என்பதை யோசித்துக் கட்டியதாகத் தெரியவில்லை. இந்த நோய்க்கு உங்கள் வீட்டாரைக் குற்றம் சொல்பவர்கள் முதலில் அந்தச் சுவர்களைப் பார்க்கட்டும்.

இடையில் ஒன்று. வழியைக் கண்டறிந்து நோயை அடக்குவது நமது தோட்டங்களுக்குப் புதிதல்ல. 1916 இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அந்தப் புழுவின் குடம்பி, அதாவது இளம்புழு, மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. கொழுந்துக் காட்டில் வெறுங்காலோடு நடந்து, இரத்தம் குறைந்து, சோர்ந்து விழுந்த தொழிலாளியைச் “சோம்பேறி” என்று ஏசியவர்கள் உண்டு. அங்கே வழி கால். மலசலகூடமும் செருப்பும் காவல். தட்டைப் பிரித்திருந்தால் அங்கேயும் பயன் இருந்திருக்காது.

இன்றிரவே மாற்ற வேண்டியவை

மாமனார் தூங்க ஜன்னல் உள்ள முன்காம்பிராவைக் கொடுங்கள். முடிந்தவரை அவர் அங்கே தனியாகப் படுக்கட்டும். மற்றவர்கள் உள்காம்பிராவில் நெருக்கிப் படுக்க வேண்டிவரும், தெரியும். சில வாரங்களுக்குத்தான். பகலில் கதவும் ஜன்னலும் முழுவதும் திறந்திருக்கட்டும். இரவில் ஜன்னலை ஒரு சாண் அளவாவது திறந்துவைத்து, அவருக்கு இன்னொரு கம்பளி கொடுங்கள். இரண்டு காம்பிராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரைவரை எட்டாவிட்டால் காற்று மேலாகக் கலக்கும். அப்படியானால் உள்காம்பிராவிலும் காற்று வெளியேற வழி வேண்டும்.

மாமியார் அவரை இஸ்தோப்பில் உட்காரவைப்பது பற்றிக் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். காரணம் தவறு, ஆனால் இடம் சரி. திறந்த வெளியில் கிருமி உடனே கலைந்துபோகும், வெயில் அதைக் கொல்லும். ஆகவே அவரை உள்ளே கூட்டிவர வேண்டாம், நீங்களும் வெளியே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரே சட்டிக் கறியைப் பரிமாறலாம். தனித் தட்டை எடுத்து வைத்துவிடலாம். வழமைபோல் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

வீட்டுக்குள் மற்றவர்களோடு இருக்கும்போது, தொற்று நீங்கிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லும்வரை அவர் முகக்கவசம் அணியட்டும். இருமும்போது முழங்கை மடிப்பிலோ துணியிலோ வாயை மூடட்டும். சளியைக் கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள டப்பாவில் துப்பி மலசலகூடத்தில் ஊற்றலாம். கம்பளியையும் மெத்தையையும் எரிக்க வேண்டாம். துவைக்கக்கூடியதைத் துவைத்து, மற்றதை வெயில் அடிக்கும் நாளில் காயப்போடுங்கள். அந்தக் காம்பிராவில் இருக்கும் கம்பளியை எரித்துவிட்டு ஜன்னலை மூடிவைப்பதைவிட மோசமான யோசனை எதுவும் இல்லை. துணியை எந்தப் பீலியிலும் அலசலாம் என்பதைப் பக்கத்து வீட்டாருக்கு நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சொல்லச் சொல்லுங்கள்.

சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கினால் தொற்றும் தன்மை வேகமாகக் குறையும். பெரும்பாலானோருக்கு இரண்டு வாரத்துக்குள்ளேயே மிகவும் குறைந்துவிடும். அவருக்குச் சளிப் பரிசோதனை கிருமியைக் காட்டியிருப்பதாலும், நீரிழிவு இருப்பதாலும், நாட்காட்டியைப் பார்த்து நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

குழந்தைகள்

இங்கே அவசரம் இருக்கிறது. நோய் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே இரண்டு பிள்ளைகளையும் மார்பு நோய்க் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கிருமி உடலுக்குள் போவதும் நோய் வருவதும் ஒன்றல்ல. உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரின் உடலில் இந்தக் கிருமி புகுந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களிடம் அது தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களிடமிருந்து யாருக்கும் தொற்றாது. இந்தக் கணக்கு வளர்ந்தவர்களுக்கு ஆறுதல் தரலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களில் கிருமி புகுந்தால் நோயாக மாறும் வாய்ப்பு மிக அதிகம். மாறினால் வேகமாகவும் மாறும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வுவரை பரவக்கூடும்.

“பிறந்தவுடன் ஊசி போட்டாயிற்றே” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த பி.சி.ஜி. தடுப்பூசி அத்தகைய கடுமையான வகைகளிலிருந்து குழந்தைகளைப் பெருமளவு காக்கிறது. அதைப் போட்டது நல்லது. ஆனால் சுவாசப்பையில் வரும் காசநோயை அது நிச்சயமாகத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மாமனாரோடு மாதக்கணக்கில் ஒரே போர்வையில் தூங்கிய பிள்ளைக்குக் கையிலுள்ள தழும்பு மட்டும் போதாது.

கிளினிக்கில் பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். கையில் தோலுக்கடியில் ஒரு சிறிய ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் வந்து காட்டச் சொல்லலாம். மார்பு எக்ஸ்ரே எடுக்கலாம். நிறை பதிந்த கிளினிக் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். குழந்தைகளில் இருமலைவிட, நிறை ஏறாமல் நிற்பதுதான் பல சமயம் முதல் அடையாளம். கழுத்தில் கட்டி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், விளையாட்டில் சோர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தால், வராமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். ஐசோனியசிட் என்ற மருந்தை ஆறு மாதம் கொடுப்பது பழைய, நன்கு பழகிய முறை. வேறு முறைகளும் உண்டு, எது என்பதை அங்கேயுள்ள வைத்தியர் தீர்மானிப்பார். “நோயே இல்லாத பிள்ளைக்கு ஆறு மாதம் மருந்தா?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆம். இந்த வயதில் அதுதான் பாதுகாப்பு.

தாய்வீட்டுக்குப் போவது பற்றி: போகலாம், ஆனால் பரிசோதனைக்குப் பிறகு. இப்போதே கிளம்பினால் பிள்ளைகள் இந்தக் கிளினிக்கின் பட்டியலிலிருந்து நழுவிவிடும் அபாயம் உண்டு. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது காலம் போயிருக்கும். இரவில் பிள்ளைகளுக்குத் தனியிடமும் காற்றோட்டமும் உங்கள் வீட்டில் செய்யவே முடியாது என்றால், கிளினிக்கில் சொல்லிவிட்டு, மருந்தையும் வாங்கிக்கொண்டு, சில வாரம் போய்வாருங்கள். முடியும் என்றால் போகத் தேவையில்லை. நீங்கள் போய்விட்டால் மாமனாரின் குளிசையை யார் பார்ப்பது என்பதையும் யோசியுங்கள். கடிதத்தைப் படித்தால் அந்த வீட்டில் அதைச் செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். பாலின் வழியாக இந்தக் கிருமி போவதில்லை. உங்களுக்கே நோய் என்று தெரியவந்தாலும், மருந்து எடுத்துக்கொண்டு பால் கொடுக்கும்படிதான் சொல்வார்கள். மூத்தவன் பரிசோதனையில் தேறிவிட்டால் பிள்ளை மடுவத்துக்கும் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கும்) போகலாம்.

உங்களையும் கணவரையும் மாமியாரையும் நாத்தனாரையும் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள யாரும் சளியைக் கொடுக்காமல் திரும்பி வரக் கூடாது. ஆடியில் தொடங்கிய இருமலுக்கு ஐப்பசியில்தான் சளிப் பரிசோதனை நடந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. உங்கள்மேல் அல்ல. சில அன்டிபயோட்டிக்குகள் காசநோயையும் அரைகுறையாக அடக்கி, குணமானது போலக் காட்டிவிடும். இருமலின் காரணம் தெரியாமல் அவற்றைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதும் வாங்குவதும் நமது ஊர்களில் சாதாரணமாகிவிட்டது.

குடும்பத்து நோயா?

1882 மார்ச் 24 ஆம் திகதி ரொபர்ட் கொக் என்ற ஜெர்மனிய வைத்தியர் காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார். அதுவரை ஐரோப்பாவிலும் பலர் இதைப் பரம்பரை நோய் என்றுதான் நம்பியிருந்தார்கள். ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதற்கு உங்கள் வீடே சான்று: குடும்பத்தார் ஒரே காம்பிராவில் தூங்குகிறார்கள், ஆகவே குடும்பத்துக்குள் தொற்றுகிறது. இளவயதில் அண்ணனோடு தங்கியிருந்தபோது புகுந்த கிருமி மாமனாருடைய சுவாசப்பையில் பல ஆண்டுகள் தூங்கியிருக்கலாம். வேறெங்காவது பிற்காலத்தில் தொற்றியிருக்கவும் கூடும். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். புகைத்தலும் குடியும் அதைக் கூட்டும். மாமனாருக்கு மகளாகப் பிறந்த காரணத்தாலேயே நாத்தனாருக்கு நோய் வந்துவிடாது. மாமனாரோடு ஒரே வீட்டில் சுவாசித்ததால்தான் அவருக்குப் பரிசோதனை வேண்டும். மருமகளான உங்களுக்கும் அதே அளவு வேண்டும்.

ஆறு மாதக் குளிசை

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல். பெரும்பாலும் ஒரே குளிசையில் சேர்த்தே இருக்கும். இரண்டு மாத முடிவில் சளியைப் பார்த்து, சரியாக இருந்தால் அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மருந்துகள் மட்டும். சிலருக்கு இன்னும் நீளும். எல்லாம் இலவசம். ஒரு மாதத்துக்குள் இருமல் நின்று, சோறு பிடித்து, உடம்பு தேறிவிடும். ஆபத்தான கட்டமும் அதுதான். “சுகமாகிவிட்டது” என்று நிறுத்துபவர்களிடம் மிஞ்சியிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரக்கூடும். பிறகு வைத்தியம் நீண்டது, கடினமானது. அந்த அடங்காத கிருமிதான் பேரனுக்கும் தொற்றக்கூடும்.

சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். ரிஃபாம்பிசினால் வருவது, பயப்பட வேண்டாம். இரத்தம் என்று நினைத்துக் குளிசையை நிறுத்தியவர்கள் உண்டு. பயப்பட வேண்டியவை வேறு: கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, உடலெங்கும் தடிப்பு. கண் மஞ்சளானால், போன வருடச் செங்கமாரி திரும்பிவிட்டது என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். இம்முறை அது மருந்தால் ஈரலுக்கு வந்த பாதிப்பாக இருக்கக்கூடும். அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். கைகால் விறைப்பு இருந்தால் சொல்லுங்கள், அதற்கு விட்டமின் குளிசை உண்டு. ரிஃபாம்பிசின் சில நீரிழிவு மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும், ஆகவே சீனியின் அளவையும் அடிக்கடி பார்க்க வேண்டும். கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யலாம். எல்லாக் காசநோயாளருக்கும் செய்வது அது. மாமனாரின் ஒழுக்கத்தைச் சந்தேகித்து அல்ல.

யாருக்கும் தெரியாமல் கொழும்பில்?

கணவரின் அச்சம் புரிகிறது. கல்யாணம் நிச்சயமான வீட்டில் “டி.பி.” என்ற சொல் வெளியே போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய யோசனையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, காசநோய் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தக் கடமை நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியருக்கு உண்டு, அவர் அரசாங்க வைத்தியராயினும் தனியாராயினும். அறிவிப்பது பொலிஸுக்கு அல்ல, சுகாதாரத் துறைக்கு. அதன் விளைவு வீட்டாரைப் பரிசோதிப்பதுதான், தண்டனை இல்லை. இரண்டாவது, குளிசையை ஒருவர் முன்னிலையில் விழுங்கவைப்பதே இந்த வைத்தியத்தின் முதுகெலும்பு. அதைக் கொழும்பில் இருந்துகொண்டு யார் செய்வது? ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ், ரயில், ஒரு நாள் சம்பளம். மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும்.

இரகசியம் காப்பது வேறு வழியில் முடியும். தினமும் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போவதுதான் கண்ணில் படுகிறது என்றால், குளிசை கொடுக்க வேறு இடமோ, நம்பிக்கையான வேறு ஒருவரோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். குடும்பநல மாது, பக்கத்து டவுனிலுள்ள வைத்தியசாலை என்று வழிகள் இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரும்போது லயம் முழுவதும் கேட்கும்படி பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோயாளியின் விவரத்தைக் காப்பது அவர்களின் கடமை, நீங்கள் கேட்கும் சலுகை அல்ல. துணியைப் பற்றியோ காம்பிராவைப் பற்றியோ யாராவது மிரட்டினால் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பேசுங்கள். காசநோயாளருக்கு உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு உண்டு. வாய்விட்டுக் கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா என்பது வைத்தியக் கேள்வி இல்லை. நாத்தனாருக்குப் பரிசோதனையில் எதுவும் இல்லையென்றால் மாப்பிள்ளைக்கு அவரால் எந்த ஆபத்தும் கிடையாது. ஆனாலும் என் எண்ணம், மாப்பிள்ளையிடம் மட்டும் நாத்தனாரே நேரில் சொல்லிவிடுவது நல்லது. லயத்தில் எதுவும் ஒளிந்திருக்காது. பீலிச் சண்டையில் யாரோ ஒருவர் வாயிலிருந்து அவர் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, “அப்பாவுக்கு மருந்து நடக்கிறது, நான் பரிசோதித்துவிட்டேன்” என்று மணப்பெண் சொல்லிக் கேட்பது எவ்வளவோ மேல். இது உங்கள் வீட்டார் எடுக்க வேண்டிய முடிவு. நாத்தனாரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கடைசியாக, மாமனாரின் கேள்வி. தையில் அவர் மூன்றாம் மாதத்தில் இருப்பார். இரண்டு மாத முடிவில் செய்யும் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லையென்று வந்திருந்தால், முகக்கவசம்கூட இல்லாமல் மணவறையில் உட்கார்ந்து தாராளமாகத் தாரைவார்க்கலாம், வந்தவர்களைக் கட்டியணைக்கலாம், பேரனைத் தோளில் தூக்கிக்கொள்ளலாம். இல்லையென்று வராவிட்டால் கிளினிக்கில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கல்யாண நாளன்று விரதம், சடங்கு என்று எது இருந்தாலும் காலைக் குளிசை தவறக் கூடாது. அதைத் தண்ணீரோடு வெறும் வயிற்றில் விழுங்குவதுதான் நல்லது என்பதால் விரதத்துக்கும் பங்கம் இல்லை. ஆனால் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் சாப்பிடாமல் நெடுநேரம் இருப்பது ஆபத்து, அதை முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். பந்தலுக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார் போத்தலைத் திறந்து “ஒரு மடக்குதானே, அண்ணே” என்று நீட்டினால் மட்டும், அன்றைக்கும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.